செவிமடுத்த சான்றோர் – கார்ல் ரோஜர்ஸ்

நுழையும்முன்

உடல் நோயுற்றால் மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்து தருகிறார். உள்ளம் துயருறும்போதும் அம்முறை மட்டுமே போதுமா? துயருற்றவர் கூறுவதை முழுமையாகக் கேட்பதையே ஒரு துறையாக வளர்த்தெடுத்தவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி, தாம்பரத்தை அடைவதற்கு முன் தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் நிற்கும். காசநோயாளர்களுக்காக மருத்துவர் சௌரிமுத்து 1928ஆம் ஆண்டு பச்சைமலை அடிவாரத்தில் தொடங்கிய மருத்துவமனையே அந்நிலையத்திற்குப் பெயர் தந்தது. காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. அதனை அழிக்கும் மருந்துகள் பின்னாளில் கண்டறியப்பட்டபோது எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன. ஆனால், தேர்வில் தோற்ற மாணவரின் கலக்கத்திற்கும் பெற்ற பிள்ளையோடு ஒட்ட இயலாத தாயின் வேதனைக்கும் எந்தக் கிருமி காரணம்? அதே 1928ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகள் நலப் பணியில் சேர்ந்த இளைஞர் ஒருவர் இவ்வினாவிற்கு விடை தேடத் தொடங்கினார். அவரே கார்ல் ரோஜர்ஸ்.

இளமை

கார்ல் ரோஜர்ஸ் 1902ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் பிறந்தார். சமயக் கட்டுப்பாடு மிகுந்த அவருடைய குடும்பம், அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது பண்ணை ஒன்றில் குடியேறியது. அங்கே நிலவறையில் சேமிக்கப்பட்ட உருளைக்கிழங்குகள், சிறு சன்னல்வழி வந்த மங்கிய ஒளியை நோக்கி வெளிறிய முளைகளை நீட்டுவதை அவர் கண்டார். மண்ணும் நீரும் இல்லாத நிலையிலும் உயிர் வளரவே முயல்கிறது என்னும் அக்காட்சி அவர் மனத்தில் நிலைத்தது. மனிதருக்கும் இவ்வியல்பு உண்டு என்று அவர் பிற்காலத்தில் விளக்குவதற்கு அதுவே சான்றாயிற்று.

வேளாண்மை பயிலச் சென்ற அவர், 1922ஆம் ஆண்டு பீகிங் நகரில் நடைபெற்ற உலகக் கிறித்தவ மாணவர் மாநாட்டில் பங்கேற்றார். பல நாட்டவரோடு பழகிய அப்பயணம், பெற்றோரின் கருத்துகளிலிருந்து விலகித் தாமே சிந்திக்க அவரைத் தூண்டியது. சமயக் கல்வியைத் தொடங்கிய அவர், பின்னர் உளவியலுக்கு மாறி, 1931ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்.

வாயிலில் திரும்பிய தாய்

ராச்செஸ்டரில் அடங்காத சிறுவன் ஒருவனின் தாயோடு ரோஜர்ஸ் பலமுறை உரையாடினார். மகனை அவர் தொடக்கத்தில் வெறுத்து ஒதுக்கியதே சிக்கலுக்குக் காரணம் என உணர்த்த முயன்றார், பயனில்லை. இருவரும் முயற்சியைக் கைவிட ஒப்புக்கொண்டனர். விடைபெற்று வாயில்வரை சென்ற அத்தாய் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கு ஆலோசனை உண்டா என்று வினவினார். உண்டு என்றதும் மீண்டும் அமர்ந்து, தம் மணவாழ்வின் துயரங்களையெல்லாம் கொட்டினார். ரோஜர்ஸ் விளக்கம் கூறாமல் கேட்டார். நாளடைவில் தாயின் நிலை சீரடைந்தது, மகனும் மாறினான். எங்கே வலிக்கிறது, எத்திசையில் செல்ல வேண்டும் என்பதைத் துயருற்றவரே அறிவார் என்னும் உண்மையை அன்று அவர் கற்றார்.

புதிய நெறி

இவ்வனுபவங்களின் பயனாக 1942ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல், உதவி தேடி வருபவரை நோயாளி என்று அழைக்காமல் நாடி வருபவர் என்றே குறித்தது. ஆற்றுப்படுத்துநர்க்கு மூன்று பண்புகள் இன்றியமையாதவை என அவர் வரையறுத்தார். பிறர் உள்ளத்தில் நின்று உணரும் ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளும் புறமும் ஒன்றாயிருக்கும் மெய்ம்மை ஆகியனவே அவை. உரையாடல்களை, வந்தவரின் இசைவோடு ஒலிப்பதிவு செய்து ஆய்வுக்கு உட்படுத்திய முன்னோடியும் அவரே.

எதிர்ப்பும் எழுந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1945ஆம் ஆண்டு அவர் நிறுவிய ஆலோசனை மையம், உரிமமின்றி மருத்துவம் செய்கிறது என உளமருத்துவத் துறையினர் குற்றம்சாட்டினர்; அதனை மூடவும் கோரினர். ரோஜர்ஸ் உறுதியாக எதிர்த்து நின்றதால் அக்கோரிக்கை கைவிடப்பட்டது.

தாமே நாடிச் சென்றவர்

அவர் வாழ்வில் பெருந்தோல்வியும் உண்டு. சிகாகோவில், கடும் மனக்குலைவுற்ற பெண் ஒருவருக்கு உதவ முயன்றபோது, ரோஜர்ஸ் தம் உறுதியையே இழந்தார். அப்பெண்ணை உளமருத்துவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியுடன் ஊரைவிட்டே சென்று சில மாதங்கள் தங்கினார். திரும்பியபின், தம்மோடு பணியாற்றிய ஒருவரிடம் தாமே ஆற்றுப்படுத்தலை நாடினார். பிறர்க்கு உரைத்த நெறியைத் தமக்கும் உரியதாக ஏற்ற நேர்மை அவருடையது.

1957ஆம் ஆண்டு விஸ்கான்சின் சென்று, மனச்சிதைவு நோயால் மருத்துவமனையில் இருந்தோரிடம் தம் முறையை ஆராய்ந்தார். எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. அம்முடிவையும் அவர் மறைக்காமல் வெளியிட்டார். கடும் மனநோய்க்கு மருத்துவமும் மருந்தும் தேவை. எனினும், மருந்து உண்பவரும் மதித்துக் கேட்கப்பட வேண்டிய மனிதரே. இதுவே அவர் வாழ்வு உணர்த்தும் பாடம்.

முதுமையில் வட அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற பகைமை மூண்ட மண்ணின் மக்களை ஒன்றாக அமர்த்தி, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கச் செய்தார். 1987ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், தம் 85ஆம் வயதில் மறைந்தார்.

நம் மண்ணில்

பரிசில் பெற்ற ஒருவர், வறியவர்க்கு வள்ளல் இருக்குமிடம் செல்லும் வழியைக் காட்டுவது ஆற்றுப்படை. வழி அவரவர்க்குள்ளேயே இருக்கிறது, அதைக் காணும்வரை துணைநிற்பதே நம் பணி என்பது ரோஜர்ஸ் காட்டிய ஆற்றுப்படுத்துதல். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் தமிழ்நாட்டு மாணவர்கள் 104 என்னும் எண்ணிலும், எந்நாளும் 14416 என்னும் எண்ணிலும் மனம்விட்டுப் பேசலாம். அருகில் அமர்ந்திருக்கும் தோழரின் முகம் வாடியிருந்தால், அறிவுரை கூறுமுன் அவர் சொல்வதை இறுதிவரை கேட்பது ஒவ்வொருவராலும் இயலும்.