வெள்ளிக் கோப்பை கொடுத்த ஹேசல் அம்மையார்

புனே பாலேவாடி டென்னிஸ் அரங்கில் 2025-ம் ஆண்டு ஏப்ரல் 8 முதல் 12 வரை பில்லி ஜீன் கிங் கோப்பைக்கான ஆசிய-ஓசியானியா பிரிவு ஆட்டங்கள் நடைபெற்றன. ஆறு நாட்டு மகளிர் அணிகள் மோதின. இந்தியா இரண்டாவது இடத்தைப் பெற்று அடுத்த கட்டத்துக்குத் தேறியது. நாட்டுக்காகப் பெண்கள் அணியாக ஆட ஒரு போட்டி வேண்டும் என்று நூறாண்டுகளுக்கு முன்பே கைப்பணம் போட்டு முயன்றவர் ஹேசல் வைட்மன் அம்மையார்.

1886 டிசம்பர் 20-ந் தேதி அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். சிறுவயதில் நோஞ்சான். திறந்தவெளியில் விளையாடட்டும் என்றார் டாக்டர். வீட்டு முற்றம் மேடுபள்ளமாக இருந்ததால், பந்து தரையில் படுமுன்பே சுவரில் திருப்பி அடித்துப் பழகினார். ஊரில் இருந்த மைதானத்தில் காலை எட்டு மணிக்கு மேல் பெண்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே ஆறு மணிக்கே மட்டையுடன் போய் நிற்பார்.

1909, 1910, 1911 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்க ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் பட்டங்கள் மூன்றும் அவருக்கே. 1912-ல் பாஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் வைட்மனை மணந்தார். தாயான பிறகு 1919-ல் மீண்டும் ஒற்றையர் பட்டம் வென்றார்.

ஆண்களுக்கு 1900 முதலே டேவிஸ் கோப்பை இருந்தது. பெண்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று வெள்ளிக் கோப்பை ஒன்றை வாங்கிக் கொடுத்தார் ஹேசல். அதில் தமது பெயரைப் பொறிக்கவில்லை. எல்லா நாடுகளும் ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. செலவு அதிகம் என்று சங்கங்கள் கைவிரித்துவிட்டன. மாதர் ஆட்டம் என்றால் மட்டும் கஜானா காலியாகிவிடும் போலும்!

1923-ல் நியூயார்க் பாரஸ்ட் ஹில்ஸ் அரங்கைத் திறக்க ஒரு பந்தயம் தேவைப்பட்டபோதுதான் கோப்பையின் நினைவு வந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் ஆடின. அமெரிக்கா 7-0 என்று வென்றது. மக்கள் அதை வைட்மன் கோப்பை என்றே அழைத்தனர். ஆனால் கடைசிவரை அது அந்த இரு நாடுகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

இதில் நமக்கும் நஷ்டம் உண்டு. புனேயில் பிறந்த சமஸ்கிருதக் கவி பண்டிதை க்ஷமா ராவ் டென்னிஸ் வீராங்கனையும்கூட. அவர் மகள் லீலா ராவ் 1934-ல் விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தில் வென்றார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. இந்திய ஆண்கள் 1921 முதலே டேவிஸ் கோப்பையில் ஆடினர். லீலா நாட்டுக்காக ஆடுவதற்கோ அத்தகைய கோப்பை எதுவும் இல்லை.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹேசல் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்றார். பிற்காலத்தில் அவர் வீடே இளம் பெண்களுக்குப் பயிற்சிக்கூடமாகவும் தங்கும் விடுதியாகவும் இருந்தது. அவருடைய 45 தேசியப் பட்டங்களில் கடைசியானது 1954-ல் கிடைத்தது.

பல நாட்டு மகளிர் அணிகள் ஆடும் பெடரேஷன் கோப்பை 1963-ல் லண்டனில் தொடங்கியது. வைட்மன் கோப்பையில் ஆடிய மேரி ஹார்ட்விக் ஹேர் இதற்காகப் பெரிதும் வாதாடியவர். 16 நாடுகள் வந்தன. வென்ற அமெரிக்க அணியில் 19 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். அவரே பின்னாளைய பில்லி ஜீன் கிங். 2020-ல் அந்தக் கோப்பைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இந்திய மகளிர் அணி அதில் முதன்முதலாக ஆடியது 1991-ல்தான்.

முதல் பெடரேஷன் கோப்பை நடந்தபோது ஹேசல் அம்மையாருக்கு வயது 76. 1974 டிசம்பர் 5-ந் தேதி பாஸ்டனை அடுத்த செஸ்ட்நட் ஹில்லில் காலமானார். அவர் கொடுத்த கோப்பைக்கான ஆட்டம் 1989 வரை நடந்தது.