அவஸ்தைக்காரரின் துணைவர் அர்ச். கமில்லுஸ்



நம்மில் ஒருவர் இறந்தால் வீடு கொள்ளாத கூட்டம் வருகிறது. அதற்கு முந்திய பத்து நாளில் அவருடைய கட்டிலருகே உட்கார்ந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். வந்தவரும் வாசற்படியிலேயே நின்று, டாக்டர் கைவிட்டாரா என்று மெதுவாய்க் கேட்டு, பழத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்லவில்லை; உள்ளே போய் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட ஒருவருடைய சரித்திரத்தைக் கேளுங்கள்.

கமில்லுஸ் தெ லெல்லிஸ் 1550-ம் வருடம் இத்தாலியா தேசத்துப் புக்கியானிக்கோ என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனைப் போலவே படைவீரர். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், முன்கோபம், போதாததற்குச் சூதாட்டம். காலில் வந்த ஒரு புண் சாகுமட்டும் ஆறவேயில்லை. அதற்காக உரோமாபுரியில் தீராத வியாதிக்காரருக்கென்றிருந்த சான் ஜாக்கொமோ ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அங்கேயே ஊழியமும் செய்தார். சீட்டாட்டத்தினிமித்தம் வெளியே அனுப்பிவிட்டார்கள். 1574-ல் நேப்பிள்ஸ் பட்டணத்தில் உடுத்திய சட்டை முதலாய்ச் சூதில் தோற்றார் என்பார்கள். பிறகு கப்புச்சின் சந்நியாசிகள் கட்டிக்கொண்டிருந்த மடத்தில் கூலியாளாயிருந்தபோது, 1575 பெப்ருவரி 2-ந் தேதி மனந்திரும்பினார். அந்தச் சபையில் சேர விரும்பினார், கால்புண் விடவில்லை. மறுபடியும் சான் ஜாக்கொமோ! வெளியே அனுப்பிய இடத்திலேயே பிற்பாடு மேற்பார்வையாளரானார்.

அங்கே அவர் கண்டதென்ன? கூலிக்கு அமர்த்திய ஆட்கள் வியாதிக்காரரைக் கவனிப்பதில்லை, சாகிறவர்களுக்குத் துணையில்லை. ஆகவே 1582-ல், சம்பளத்துக்கல்ல, சிநேகத்துக்காகவே பணிவிடை செய்யும் ஒரு கூட்டத்தை ஏற்படுத்த நினைத்தார். 1584-ல் குருப்பட்டம் பெற்றார். 1586-ல் 5-ம் சிக்ஸ்துஸ் பாப்பானவர் அவருடைய கூட்டத்தை அங்கீகரித்து, கறுப்பு அங்கியின்மேல் சிவப்புச் சிலுவை அணிய உத்தரவளித்தார். கொள்ளைநோய்க் காலத்திலும் வியாதிக்காரரை விட்டு விலகுவதில்லை என்பது அவர்களுடைய நான்காம் வார்த்தைப்பாடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். உயிரிருக்கும்போதே சிலரைச் செத்தவர்களென்று தூக்கிக்கொண்டு போவதை அவர் அறிந்தார். மூச்சு நின்றதாகத் தோன்றினாலும் கால்மணி நேரம் ஜெபம் தொடர வேண்டும், முகத்தை மூடக் கூடாது என்று கட்டளையிட்டார். அருகே உட்கார்ந்து பார்த்தவருக்கல்லவா இந்த யோசனை வரும்!

இக்காலத்தில் ஹாஸ்பிஸ் என்னும் இல்லங்கள் இருக்கின்றன. 1967-ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற டாக்டர் திறந்தது அவற்றில் பேர்பெற்றது. ஹாஸ்பிஸ் என்றால் கைவிட்டவர்களைக் கிடத்தும் இடமென்று நம்மில் பலர் நினைக்கிறோம், அப்படியல்ல. வியாதி தீராதென்று தெரிந்தபின் டாக்டரும் நர்சுகளும் வலியைத் தணிக்கிறார்கள். தொண்டர் மருந்து கொடுப்பதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொள்ளுகிறார். பழைய கதையைக் கேட்கிறார். பேசப் பிரியமில்லாவிட்டால் சும்மா இருக்கிறார். இரவெல்லாம் விழித்த மனைவி சற்றே தூங்கி எழும்பும்படி அவளுடைய நாற்காலியில் உட்காருகிறார். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். சொற்பப் பயிற்சியும், சொன்ன நேரத்துக்கு வருகிற குணமும் போதும்.

கமில்லுஸ் கடைசியில் நிற்க முதலாய் மாட்டாமற்போனார். அப்பொழுதும் படுக்கையைவிட்டு இறங்கி, தவழ்ந்து போய், மற்ற வியாதிக்காரருக்கு ஏதேனும் வேண்டுமா என்று விசாரிப்பார். 1614 ஜூலை 14-ந் தேதி, 64-ம் வயதில், தம்முடைய சபையார் சூழ்ந்திருக்க உரோமாபுரியில் மரித்தார்.