கடலுக்குள் போன முத்துக்குட்டி

முத்துக் குளிப்புக்குப் பேர்போன ஊர் கொற்கை. பாண்டியர் காலத்துத் துறைமுகம். கடல் பின்வாங்கிவிட்டதால் அந்த ஊர் இப்போது வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அங்கிருந்து தெற்கே, அதே கரையில் இருக்கிறது திருச்செந்தூர்.

1833-ம் ஆண்டு, மாசித் திருவிழா. நோயாளி ஒருவரை உறவினர்கள் திருச்செந்தூருக்கு அழைத்து வந்தார்கள். வயது 24. பெயர் முத்துக்குட்டி.

அவர் கடலுக்குள் இறங்கினார். அலைக்குள் மறைந்தார். திரும்பவில்லை!

உறவினர்கள் தேடினார்கள், அழுதார்கள். தாயார் வெயிலாள் கரையை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் மகன் கரையேறினார். தாயார் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தார். ஆனால் அவர், தான் இனி நாராயணனின் பிள்ளை என்றும், தன் பெயர் வைகுண்டர் என்றும் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். கடலுக்கு அடியில் அவர் நாராயணனைக் கண்டார், உபதேசம் கேட்டார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை.

பெயருக்கும் தடை

அவர் 1809-ல் தென் திருவிதாங்கூரில் பிறந்தவர். ஊர், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இன்று சாமித்தோப்பு எனப்படும் ஊர். தந்தை பொன்னு நாடார். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறும் சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெயரா என்று மேல்சாதியார் சீறினார்கள். பெயர் முத்துக்குட்டி ஆயிற்று.

பெயர் மட்டுமா? குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. பெண்கள் இடுப்பில் தண்ணீர்க் குடம் வைக்கக் கூடாது. மார்பை மறைக்கவும் கூடாது. தலைக்கு வரி உண்டு. கூலி இல்லாத ஊழியமும் உண்டு. இந்த அவமானங்களுக்கு நடுவில்தான் அந்த இளைஞர் நோயில் விழுந்தார்.

பைத்தியமா?

பிறர் காணாததைக் கண்டதாக ஒருவர் சொன்னால், பேய் பிடித்துவிட்டது, அல்லது பைத்தியம் என்று உடனே முடிவு கட்டுகிறோம். அது சரியல்ல. 18 நாடுகளில் 31,000-க்கு மேற்பட்டவர்களை விசாரித்து, 2015-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கு வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர், மற்றவர்களுக்குத் தெரியாததைக் கண்டதாகவோ கேட்டதாகவோ, அதுபோன்ற வேறு அனுபவம் அடைந்ததாகவோ சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது வாழ்நாளில் ஓரிரு முறை, மிஞ்சினால் ஐந்து முறை வந்ததுதான்.

சிறு வயதில் பட்ட கொடுமை, பேரிழப்பு, ஓயாத அச்சம், தூக்கமின்மை, கஞ்சா ஆகியவை இதற்கு வழி செய்யும். அடிக்கடி வந்து தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், அல்லது உயிரை மாய்த்துக்கொள்ளச் சொன்னால், தாமதிக்காமல் டாக்டரிடம் போகவேண்டும். சங்கிலி வேண்டாம், சாட்டையும் வேண்டாம்.

வைகுண்டரின் அனுபவம் எத்தகையது? அதை நாடி பிடித்துச் சொல்ல இன்று எந்த டாக்டராலும் ஆகாது. அது பக்தர்களின் நம்பிக்கை. ஆனால் அதன் பிறகு அவர் செய்த காரியங்களை ஊரே பார்த்தது.

குழியும் சிறையும்

ஆறு ஆண்டு தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள்! பனையேறிகளும் உழவர்களும் கூட்டங் கூட்டமாக வந்தார்கள். வரி கேட்டு வாட்டும் அரசனை நீசன் என்றார் அவர். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் இறைக்கச் செய்தார்.

அரசருக்குச் செய்தி போயிற்று. அப்போது ஆண்டவர் சுவாதித் திருநாள். சங்கீதத்தில் மேதை; ஆனால் இந்தக் குரல் அவர் காதுக்கு இனிக்கவில்லை போலும்! வைகுண்டரைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துப் போய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். 1839-ல் விடுதலை ஆனார்.

பிறகு எழுநூறு குடும்பங்களைக் கடற்கரையில் கூட்டினார். தினம் மூன்று வேளை குளியல், துவைத்த துணி, பச்சரிசியும் பயறும் சேர்த்த உணவு. துவையல் பந்தி என்று பெயர். சீடர் அரிகோபாலன் 1841-ல் அகிலத்திரட்டு அம்மானையை ஏட்டில் எழுதினார்.

1851-ல் வைகுண்டர் மறைந்தார். எட்டு ஆண்டு கழித்து, 1859-ல், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது.

சாமித்தோப்பில் அவருடைய பதி இருக்கிறது. உள்ளே சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. கும்பிடப் போகிற ஆண்கள் எல்லாரும் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.