பிடித்த கையை விட்டு நடந்த மொறிஸ் பிராங்க்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் வெள்ளைப் பிரம்போடு ஒருவர் வீதியைக் கடக்க நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மொறிஸ் பிராங்கின் நினைவு வரும். முச்சக்கரவண்டி, பஸ், படுத்திருக்கும் மாடு, கோட்டைப் பக்கத்து மான் எல்லாவற்றையும் தாண்ட யாரோ ஒருவரின் கை வரவேண்டும். அந்தக் கைக்குக் காத்திருக்க மறுத்தவர் பிராங்க்.

1908இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பிறந்தவர். ஆறு வயதில் ஒரு கண்ணை இழந்தார். 16 வயதில் குத்துச்சண்டையில் மற்றக் கண்ணும் போனது. வெளியே கூட்டிச்செல்லச் சம்பளத்துக்கு ஒரு பையன். அவன் வராவிட்டால் வீட்டோடுதான்.

முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த படையினருக்காக ஜேர்மனியில் நாய்களைப் பழக்கிவந்தார்கள். அதைப்பற்றி டொறதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண் 1927இல் எழுதிய கட்டுரையைத் தந்தை வாசித்துக் காட்டினார். தன்னைப் பயிற்றினால் திரும்பிவந்து மற்றவர்களுக்கும் கற்றுத்தருவதாக பிராங்க் அவருக்குக் கடிதம் எழுதினார்.

1928இல் சுவிற்சர்லாந்தில் இருந்த யூஸ்டிஸின் பயிற்சி நிலையத்துக்குப் போனார். கிடைத்த ஜேர்மன் ஷெப்பர்ட் பெண் நாய்க்கு பட்டி என்று பெயர் வைத்தார். நாய்க்குப் போகுமிடம் தெரியாது. வழியை மனிதர்தான் மனதில் வைத்துக்கொண்டு, எங்கே திரும்புவதென்று சொல்லவேண்டும். தடைகளை விலக்கி நடத்துவது நாயின் வேலை. வாகனம் வந்தால், போ என்று கட்டளையிட்டாலும் அது அசையக்கூடாது. நாயின் உடலில் பூட்டிய வாரின் பிடி சொல்லும் திசையை நம்பி நடப்பதுதான் மனிதருக்குக் கடினமான பாடம்.

அதே ஆண்டு ஜூனில் நியூயோர்க் திரும்பி, செய்தியாளர்கள் பார்த்திருக்க, நெரிசல் மிகுந்த வீதியொன்றை பட்டியுடன் கடந்தார். வெற்றி என்ற ஒரே சொல்லில் யூஸ்டிஸுக்குத் தந்தி போனது. 1929 ஜனவரியில் இருவரும் சேர்ந்து த சீயிங் ஐ பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் அதுவே முதலாவது.

வீதியைவிடக் கதவுகள் கடினமாக இருந்தன. ரயில்களும் ஹோட்டல்களும் நாயை உள்ளே விடவில்லை. பிராங்க் ஊர் ஊராகப் போய் வாதாடினார். 1938இல் பட்டி இறந்தபோது ரயில்கள் வழிவிட்டிருந்தன. அடுத்து வந்த நாய்களுக்கும் அதே பெயரையே வைத்தார். 1980இல் காலமானார்.

இலங்கையில் பொது இடங்களுக்குள் செல்லும் உரிமையை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு உறுதி செய்கிறது. ஆனால் கடைச்சாமானும் மோட்டார் சைக்கிளும் அடைத்த நடைபாதையில் எந்த நாயும் வழிகாட்ட முடியாது. அந்த நடைபாதையை விட்டுக்கொடுக்க நாய் தேவையில்லை. நாங்கள் போதும்.