பக்ஷி சாஸ்திரி ஸலீம் அலி

சாஸ்திர ஞானம் பட்டணத்துப் பண்டிதர்களின் தனிச்சொத்து என்று எண்ணுவோர் நம்மில் அநேகர். ஸலீம் அலியின் வாழ்க்கை அவ்வெண்ணத்துக்கு நேர் விரோதமான சாட்சியமாகும்.

அவர் 1896-ல் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து அம்மான் வீட்டில் வளர்ந்தார். தாம் சுட்ட குருவியொன்றின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அது இன்னதென்று அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் படியேறினார். அங்கே காரியதரிசியாயிருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர், குருவியின் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், சங்கத்தின் பக்ஷி சேகரத்தையும் அச்சிறுவனுக்குத் திறந்து காட்டினார். அன்று பெற்றதை ஆயுள் முழுதும் பிறருக்கு வழங்கினார் ஸலீம் அலி.

1926-ல் பம்பாய்ப் பொருட்காட்சிசாலையில், வருவோருக்கு விளக்கிச் சொல்லும் உத்தியோகத்தில் அமர்ந்தார். பிறகு ஜெர்மனி சென்று ஸ்ட்ரெஸ்மான் என்ற அறிஞரிடம் பயின்றார். ஹெலிகோலாந்துத் தீவிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் பக்ஷிகளுக்கு வளையமிடும் முறையையும் கற்றார். 1930-ல் திரும்பியபோது, பணமில்லையென்று அவருடைய உத்தியோகம் எடுபட்டிருந்தது. அவர் சோர்ந்தாரில்லை, கீஹீம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவியின் வாழ்க்கையை ஆராய்ந்தார். 1941-ல் அவர் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல், சாதாரண வாசகரையும் பக்ஷிகளை இனம் கண்டு கொள்ளச் செய்தது.

உப்புச் சத்தியாக்கிரகத்தால் புகழ்பெற்ற வேதாரணியத்தை அடுத்தது கோடியக்கரை. தூரதேசத்துப் பக்ஷிகள் அங்கே திரளாக வந்திறங்குவதன் முக்கியத்துவத்தை 1960-களில் அவர் எடுத்துக் காட்டினார். 1967-ல் அது சரணாலயமாயிற்று. பின்னர் சங்கத்தின் ஆராய்ச்சி நிலையமும் அங்கே ஏற்பட்டது.

பக்ஷியின் காலில் இடும் வளையத்தில் ஓர் எண்ணும், சங்கத்துக்குத் தெரிவிக்கும்படியான வேண்டுகோளும் பொறித்திருக்கும். அந்த வளையம் கடைசியில் யார் கையில் அகப்படும்? பெரும்பாலும் உழவன் கையிலோ, வலைஞன் கையிலோ, வேடன் கையிலோதான். அதன் பொருள் அறியாதவன் அதை வீசி எறிவான். ஆராய்ச்சியாளர்களின் உழைப்பும் அதனுடன் வீணாகும். ஆகவே ஜனங்களுக்குப் போதிப்பது நிலையத்தார் தயவாகச் செய்யும் தர்மமன்று; அவர்களுடைய சாஸ்திரத்துக்கே அது உயிர்நாடி.

பீங்கான் தொழில் நடக்கும் நமது விருத்தாசலத்தில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. களிமண்ணின் குணத்தை ஏட்டில் படித்து மட்டும் அறிந்த தொழிலாளி எவருமில்லை, கைபட்டே அறிகிறார்கள். நம் பள்ளிப் பிள்ளைகளை மார்கழி, தை மாதங்களில் ஒரு முறையேனும் கோடியக்கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உள்ளானுக்கு வளையமிட்டுப் பறக்கவிடுவதை அவர்கள் கண்ணாரக் காணட்டும். நிலையத்தாரும் அவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்வதைத் தங்கள் கடமையில் சரிபாதியாகக் கொள்ள வேண்டும்.

ஸலீம் அலி 1987-ல் காலமானார். சிலைகள் வைப்பதைவிட, வளையத்தைக் கண்டதும் சங்கத்துக்குக் கடிதம் எழுதத் தெரிந்த ஒரு தலைமுறையை உண்டாக்குவதே அவருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு.