சின்னக்காவணமும் ஒரு கண்ணாடியும்

ஓம் சரவணபவ.

கும்மிடிப்பூண்டியில் இருந்து சென்ட்ரல் போகிற லோக்கல் ட்ரெயினில் காலேஜ் நாட்களில் இருந்தே போய் வர்றேன். முதலில் இன்ஜினியரிங் படிக்க, இப்போ ஐ.டி. வேலைக்கு. பொன்னேரி வந்தா கூட்டம் ஏறும். நான் பிடிச்ச சீட்டை விடாம போனைப் பார்த்துட்டே இருப்பேன். அந்தப் பொன்னேரிக்குப் பக்கத்தில் சின்னக்காவணம்னு ஒரு ஊர் இருக்கு. வள்ளலாரோட அம்மா சின்னம்மையாரின் ஊர் அது. இத்தனை வருஷம் அதைத் தாண்டிப் போயிருக்கேன், போன வருஷம் வரைக்கும் எனக்கு அது தெரியாது. தெரிஞ்சுகிட்டதும் ஒரு அவமானத்தால்தான். அதை முதல்ல சொல்லிடறேன்.

நாங்க பசங்க பத்துப் பேர் சேர்ந்து செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரிக்குப் போய் அன்னதானம் கொடுப்போம். ஆறு வாரம் வேண்டுதலுக்கு வர்ற கூட்டம் உங்களுக்கே தெரியும். சாம்பார் சாதம், தயிர் சாதம், முடிஞ்சா ஒரு ஸ்வீட். எல்லாருக்கும் ஒரே கலர் டி-ஷர்ட், முதுகில் குழு பேர். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறது என் பொறுப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை வரிசையில் ஒரு தாத்தா வந்தார். தட்டு கைமாறுகிற அந்த நொடியை எடுக்கணும்னு அவரை ஒரு நிமிஷம் அப்படியே பிடிச்சிட்டு நிற்கச் சொன்னேன். பார்த்தா போனில் இடம் இல்லை. பழைய வீடியோவை அழிச்சு முடிக்கிற வரை அவர் தட்டோட நின்னார். அப்புறம் தட்டை மேஜை மேலேயே வெச்சிட்டுப் போயிட்டார். அங்கே யாரும் கவனிக்கலை, நானும்தான். ராத்திரி எடிட் பண்ணும்போதுதான் ஓரத்தில் அவர் முதுகு தெரிஞ்சது.

அன்னதானம்னா நமக்கெல்லாம் உடனே ஞாபகம் வர்றவர் வள்ளலார். அவர் இந்த வேலையை எப்படிச் செஞ்சார்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சது அன்னைக்கு ராத்திரிதான்.

1823 அக்டோபர் 5-ல் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் பிறந்தவர். அப்பா இராமையா பிள்ளை. இவர் ஐந்தாவது குழந்தை. கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா தவறிட்டார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு பிறந்த ஊரான சின்னக்காவணத்துக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்குப் போய், ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் குடியேறினார். பெரிய அண்ணன் சபாபதிப் பிள்ளை புராணப் பிரசங்கம் செஞ்சு குடும்பத்தைப் பார்த்துகிட்டார்.

தம்பி படிக்கப் போகாம கந்தகோட்டம் முருகன் சந்நிதியே கதின்னு இருந்தான். அண்ணனுக்குக் கோபம். வீட்டுக்குள்ள விடக்கூடாது, சோறு போடக்கூடாதுன்னு உத்தரவு. நம்ம வீட்டு அரியர் சண்டை மாதிரிதான், என்ன, அவருக்கு ஒன்பது வயசு. அண்ணி பாப்பாத்தி அம்மாள் மனசு கேட்காம கொல்லைப்புறமா கூப்பிட்டுச் சாப்பாடு போடுவாங்க. அப்பாவோட திதி அன்னைக்கு வீடு நிறைய உறவுக்காரங்க சாப்பிட்டுட்டு இருக்க, இந்தப் பிள்ளை மட்டும் பின்வாசலில் நிற்கிறதைப் பார்த்து அண்ணி அழுதுட்டாங்க. வீட்டுக்கு வந்து படிச்சா என்னன்னு கேட்டாங்க. அந்தக் கண்ணீருக்காக ஒத்துக்கிட்டார். எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமா படுது. பின்னால் ஊருக்கே அடுப்பு மூட்டினவர், முதல்ல பின்வாசலில் நின்னு சாப்பிட்டவர்.

மாடியில் ஒரு அறை கொடுத்தாங்க. படிக்கிறதா சொல்லி உள்ளே போனவர், சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, பூ வெச்சு, விளக்கேத்தி, அதையே பார்த்துட்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் முதல்ல தெரியறது யார்? அவரேதான். அதையும் தாண்டிப் பார்த்துட்டே இருந்தவருக்கு திருத்தணி முருகன் காட்சி கொடுத்தார்னு அவர் சரித்திரம் சொல்லுது. நம்ம தணிகை மலைக்குப் போகாமலே, சென்னையில் ஒரு மாடி அறையில் தணிகைநாதனைப் பார்த்தவர்! அவர் தணிகை முருகன் மேல பாடினதெல்லாம் திருவருட்பாவின் ஐந்தாம் திருமுறையில் இருக்கு.

அப்புறம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாள், அவருக்குப் பதிலா சோமு செட்டியார் வீட்டுப் பிரசங்கத்துக்குப் போய், திருஞானசம்பந்தர் வரலாற்றைப் பேசி எல்லாரையும் அசத்தினார். நாமளா இருந்தா அன்னைக்கே சேனல் ஆரம்பிச்சிருப்போம். அவர் அப்படி எதுவும் செய்யலை. கந்தகோட்டம், திருவொற்றியூர், பாட்டு, தனிமைன்னு வருஷக்கணக்கா இருந்தார். 1850-ல் அக்கா மகள் தனக்கோட்டி அம்மாளைக் கட்டி வெச்சாங்க. இல்லற வாழ்க்கையில் அவர் மனம் போகலை. அந்த அம்மாவைப் பத்தி எழுதினவங்க ரொம்பக் குறைவு, அது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாத்தான் இருக்கு.

1858 வாக்கில் சென்னையை விட்டுக் கிளம்பி, வடலூர் பக்கத்தில் கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். 1865-ல் சன்மார்க்க சங்கம். 1867 மே 23-ல் வடலூரில் சத்திய தருமச்சாலை. ஊர்க்காரங்க 80 காணி நிலம் கொடுத்தாங்க. சாதி, மதம் எதுவும் கேட்காம பசியோட வர்ற யாருக்கும் சாப்பாடு. அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னும் அணையலை. பத்து வருஷம் கழிச்சு 1876-78 பெரும் பஞ்சம் வந்து தென்னிந்தியாவில் லட்சக்கணக்கில் ஜனங்க செத்தப்பவும் அந்த அடுப்பு அங்கே இருந்தது, அவர்தான் இல்லை.

கண்ணாடிக்கும் அடுப்புக்கும் நடுவில் ஏறக்குறைய 34 வருஷம். நான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்க குழுவில் ஐடியா வந்ததுக்கும் டி-ஷர்ட் வந்ததுக்கும் நடுவில் ஒன்பது நாள்.

அதே 1867-ல்தான் தொழுவூர் வேலாயுத முதலியார் மாதிரி அன்பர்கள் அவர் பாட்டையெல்லாம் சேர்த்து அச்சுப் போட்டாங்க. சுலபத்தில் சம்மதிக்கலை. இறுக்கம் இரத்தின முதலியார்ங்கிற அன்பர், பாட்டைக் கொடுக்கிற வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவேன்னு இருந்துட்டார். அது தாங்காமத்தான் இவர் இறங்கி வந்தார். அப்பவும் கடிதத்தில் ஒரு வேண்டுகோள் வெச்சார். இராமலிங்கசாமின்னு பேர் போடாதீங்க, அது ஆரவாரமா படுதுன்னு. சாமின்னு கூப்பிட ஊரே தயாரா இருந்தப்ப, அந்த ஒரு வார்த்தை தன்னை என்ன செய்யும்னு யோசிச்சிருக்கார் மனுஷன். கையெழுத்து எப்பவும் சிதம்பரம் இராமலிங்கம்தான். நான் முதுகில் பேர் அடிச்ச டி-ஷர்ட்டை மடிச்சு வெச்சது இதைப் படிச்சப்பதான்.

1872 தைப்பூசத்தில் சத்திய ஞானசபையைத் திறந்தார். ஏழு திரை விலகினா ஜோதி. அந்த ஜோதிக்கு முன்னால் ஒரு பெரிய கண்ணாடி வெச்சிருக்கார்.

அடுத்து சொல்றது நம்மள மாதிரி முருக பக்தர்களுக்குக் கொஞ்சம் கஷ்டமான இடம், அதுக்காக விட்டுட்டுப் போக மனசில்லை. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டிப் பேசும்போது, தனக்கு முன்னாடி சைவ சமயத்தில் எவ்வளவு பற்று இருந்ததுன்னும், அப்போ தன் அறிவு சின்னதா இருந்ததுன்னும் கூட்டத்துக்கு நடுவிலேயே சொன்னார். ஆயிரக்கணக்கில் பாடி, அதுக்காகவே ஜனங்க கொண்டாடின ஒருத்தர், 50 வயசில் தன்னையே இப்படித் திருத்திக்கிறார். தணிகை முருகனை அவர் விட்டுட்டார்னு சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோணலை. கண்ணாடியில் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே முருகன்தான், அவர் கடைசி வரை பார்க்கிறதை நிறுத்தலை, அவ்வளவுதான்.

மூணு மாசத்தில், 1874 ஜனவரி 30, தைப்பூசம் சமயத்தில், மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் ஒரு அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். அதுக்கப்புறம் யாரும் பார்க்கலை.

அந்த வீடியோவை நான் போடலை, அழிக்கவும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை சாதாரணச் சட்டையில் போய், தண்ணி ட்ரம் பக்கத்தில் நின்னு டம்ளர் கழுவினேன். ஏன்டா போன் எடுக்கலைன்னு பசங்க கேட்டாங்க. சார்ஜ் இல்லைன்னு பொய் சொன்னேன், அதைச் சரியா சொல்ல இன்னும் எனக்கு வரலை. வரிசையில் அந்தத் தாத்தா வர்றாரான்னு வாராவாரம் பார்க்கிறேன். இதுவரைக்கும் வரலை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.