விண்மீன் கூட்டத்தைக் கணக்கிட்ட சந்திரசேகர்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, பறக்கும் ரயிலுக்கு மாறிச் சேப்பாக்கம் சென்றால், கடலைப் பார்த்தவாறு மாநிலக் கல்லூரி நிற்பதைக் காணலாம். 1925 முதல் 1930 வரை அங்குப் பயின்றவர் சுப்ரமணியன் சந்திரசேகர். இறக்கும் விண்மீன்களின் எடைக்கு வரம்பு கண்டவர், 1983-இல் நோபல் பரிசு பெற்றவர் என்பதைத் தோழியர் யாவரும் அறிவீர்கள். அந்தக் கண்டுபிடிப்பு ஏற்கப்படாமல் போனபின் அவர் மேற்கொண்ட பணியை அறிந்தவர் சிலரே. அதனைக் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19-இல் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்ரமணிய ஐயர் ரயில்வேயில் கணக்குத்துறை அதிகாரி, சர் சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா. தாயார் சீதாலட்சுமி பள்ளியில் அதிகம் படிக்காதவர்; ஆயினும் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். மகனுக்குத் தமிழ் கற்பித்தவரும் அவரே. குடும்பம் 1918-இல் சென்னைக்கு வந்தது. பின்னர்த் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும் அவர் படித்தார்.

1930-இல் கேம்பிரிட்ஜ் செல்ல உபகாரச் சம்பளம் கிடைத்தபோது தாயார் கடும் நோயுற்றிருந்தார். போகலாமா, வேண்டாமா என்று மகன் தயங்கினார். தாயாரே போகச் சொல்லி வற்புறுத்தினார். ஜூலை 31-இல் பம்பாயில் கப்பல் ஏறிய அந்தப் பத்தொன்பது வயது இளைஞர் தம் தாயை மறுபடி பார்க்கவே இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம் அந்த அம்மையார் காலமானார்.

கப்பலில் தொடங்கிய கணக்கே எடை வரம்புக் கணக்கு. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடையுள்ள விண்மீன் வெண்குறு மீனாக அடங்கி ஓய முடியாது என்று அது கூறிற்று. 1935 ஜனவரி 11-இல் லண்டனில் அறிஞர்கள் முன்னிலையில் அதனை அவர் எடுத்துரைத்தார். உடனே எழுந்த சர் ஆர்தர் எடிங்டன், உலகப் புகழ் பெற்றவர், அதனை நகைச்சுவையாகப் பேசித் தள்ளிவிட்டார். சபை சிரித்தது. சரியென்று உள்ளூர அறிந்த பெரியவர்கள்கூட வெளிப்படையாகத் துணை நிற்கவில்லை. எங்களுக்கு இது மிகவும் வருத்தம் தருகிறது.

சந்திரசேகர் சில ஆண்டுகள் வாதாடினார். 1936-இல், மாநிலக் கல்லூரியில் உடன் பயின்ற லலிதாவை மணந்தார். (லலிதாவும் பௌதிகம் படித்தவர், அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) 1937-இல் அமெரிக்காவின் யெர்க்கிஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். அறிந்தவற்றையெல்லாம் 1939-இல் ஒரு நூலாக எழுதி மூடிவைத்துவிட்டு, முற்றிலும் வேறான கேள்வி ஒன்றுக்குத் திரும்பினார்.

அந்தக் கேள்வி இதுதான். ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மற்ற அனைத்தையும் ஈர்க்கிறது. முடிவில் அக்கூட்டம் என்ன ஆகும்? விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவது மிக அரிது. இடைவெளி அவ்வளவு பெரிது. ஆனால் கடந்து செல்லும் ஒவ்வொரு விண்மீனும் சிறிது இழுக்கிறது. மாலை ஐந்தரை மணிக்குத் தாம்பரம் நிலைய நடைமேடையில் யாரும் நம்மைத் தள்ளுவதில்லை. எனினும் நூறு தோள்கள் மெல்ல உரச, நாம் ஏற நினைத்த பெட்டியை விட்டு வேறு பெட்டியில் ஏறுகிறோம் அல்லவா? அதுபோல, சிறு இழுப்புகள் சேர்ந்து ஒரு விண்மீன் தன் பழைய பாதையை மறந்துவிட எடுக்கும் காலத்தைத் தளர்வுக் காலம் என்பர். நம் சூரியனுக்கு அது பல லட்சம் கோடி ஆண்டுகள். அண்டத்தின் வயதோ சுமார் 1380 கோடி ஆண்டுகளே. ஆகவே சூரியன் இன்னும் தன் பாதையை மறக்கவில்லை. கேட்டை நட்சத்திரத்தின் அருகே உள்ள எம்-4 போன்ற நெருக்கமான கோளக் கொத்துகளிலோ அது எப்போதோ நிகழ்ந்துவிட்டது.

இந்தக் காலத்தைக் கணக்கிட முயன்றவர்கள் முன்னரும் உண்டு. சந்திரசேகர் அதனைத் திருத்தமாகச் செய்து 1942-இல் நூலாக்கினார். கணிதமேதை வான் நாய்மனோடு சேர்ந்தும் உழைத்தார். அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. இழுப்புகள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் தப்பியோட, கொத்து விரைவில் கலைந்துவிட வேண்டுமே! 1943-இல் அவர் விடை கண்டார். ஓடும் விண்மீன் மற்றவற்றைத் தன்பால் இழுக்கிறது. அவை அதற்குப் பின்னால் கூடி அதனைப் பின்னுக்கு இழுக்கின்றன. ஆண்டு விழா நாளில் தலைமையாசிரியை சிஸ்டர் முற்றத்தைக் கடக்கும்போது, பின்னால் சேரும் எங்கள் கூட்டமே அவர்கள் நடையைத் தாமதப்படுத்துவதை இங்கே நினைத்துக்கொண்டோம். (சிஸ்டர் மன்னிப்பார்களாக!) இதற்கு இயக்கவியல் உராய்வு என்று பெயர். எதுவும் எதையும் தொடாமலே உண்டாகும் உராய்வு! கார்த்திகை போன்ற கொத்துகள் கலையாமல் நீடிப்பதை அதற்குச் சான்றாக அவர் காட்டினார். பெரிய அண்டம் சிறிய அண்டத்தை விழுங்குவதை ஆராய்வோர் இன்றும் அந்தச் சூத்திரத்தையே எடுக்கிறார்கள்.

1944-இல் எடிங்டன் இறந்தார். சிகாகோவில் இரங்கலுரை ஆற்றியவர் சந்திரசேகர். தம்மை அவமதித்தவரை அக்கால வானியலாரில் மிக உயர்ந்த இடத்தில் வைத்து அவர் பேசினார். இடையில் எத்தனை சண்டை இருந்தாலும் அவர்கள் நண்பர்களாகவே இருந்துவந்தார்கள்.

அவர் 1952 முதல் 1971 வரை ஒரு வானியல் ஆய்விதழின் ஆசிரியராக இருந்தார். 1964-இல் ரிச்சர்டு மில்லர் என்பவரின் கட்டுரை அவ்விதழில் வந்தது. மில்லர் கணினியில் ஒரு சிறு விண்மீன் கூட்டத்தை இருமுறை ஓட்டினார். இரண்டாம் முறை தொடக்கத்தில் மிகமிகச் சிறு மாற்றம் மட்டும் செய்தார். இரண்டு கூட்டங்களின் பாதைகளும் விரைவில் முற்றிலும் வேறாகிவிட்டன. ஒரு தனி விண்மீன் நெடுங்காலத்துக்குப் பின் எங்கிருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கூட்டத்தின் சராசரிப் போக்கையே சொல்லலாம். இந்தக் குழப்பத்துக்கும் சந்திரசேகரின் தளர்வுக்கும் உள்ள உறவை அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

சந்திரசேகர் தம்மைக் கடவுள் நம்பிக்கையற்றவர் என்றே கூறிக்கொண்டார். எங்கள் பள்ளி இதழ் என்பதற்காக அதனை மறைப்பது முறையன்று எனக் கருதினோம்.

1995 ஆகஸ்ட் 21-இல், தமது 84-ஆம் வயதில் அவர் சிகாகோவில் காலமானார். லலிதா அம்மையார் 2013 வரை வாழ்ந்தார். 1999 ஜூலை 23-இல் அமெரிக்கா விண்ணில் ஏவிய ஊடுகதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயரிட்டார்கள். நண்பர்கள் அவரை அழைத்து வந்த பெயரும் அதுதான்.